பாக்கலாம் வீட்டில் எழுத்து நின்றது

எங்கள் டிவி நிலையத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆளே கிடையாது. பாக்கலாம் என்றால்தான் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். ஏசி ஓடவில்லை என்று சொன்னாலும் பாக்கலாம், லீவு கிடைக்குமா என்று கேட்டாலும் பாக்கலாம், இந்த நிலையம் உருப்படுமா என்று கேட்டாலும் அதே பதில்தான். முடியாது என்று சொல்ல வாய் வராது. முடியும் என்று வாக்குக் கொடுக்கவும் பயம். இரண்டுக்கும் நடுவில் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு காலத்தை ஓட்டினார். சேர்ந்த புதிதில் எனக்கு அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். நான் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசிப் பழகியவள். வழவழா கொழகொழா எனக்கு ஆகாது.

என் வேலை சப்டைட்டில். செய்தி வாசிப்பவர் பேசப் பேச, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நான் தட்டுவேன். தட்டியது திரையின் அடியில் இரண்டு வரியாக ஓடும். காது கேட்காதவர்களுக்காக என்று பெயர். அவர்கள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள் என்றெல்லாம் நான் நினைத்துப் பார்த்ததில்லை. என் எழுத்து எந்த வழியாகத் திரைக்குப் போகிறது என்றும் தெரியாது. ஒருநாள் எழுத்து விட்டு விட்டு வருகிறது என்று கத்திக்கொண்டு ரேக் ரூமுக்குள் போனேன். மெஷின்களைப் பார்த்துக்கொள்கிற எஞ்சினியர் அவர், அங்கேதான் இருப்பார்.

இரும்பு அலமாரிகள் வரிசையாக நிற்கும் அறை அது. அலமாரிக்குள் தட்டுத் தட்டாகப் பெட்டிகள், பெட்டிக்குள் புத்தகத்தை நிமிர்த்தி அடுக்கிய மாதிரி கார்டுகள். முன்பக்கம் கார்டைச் செருக வேண்டும், பின்பக்கம் அதற்கென்று ஒரு தகடு, கேபிளெல்லாம் அந்தத் தகட்டில் மாட்டும். மெஷின் சூடாகக் கூடாதென்று அறையை ஐஸ் பெட்டியாக வைத்திருப்பார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் அவர் முழங்கையில் ஒட்டுப்போட்ட ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பார். நூறு விசிறி ஒன்றாக இரையும். அந்த இரைச்சலில் ஒரே ஒரு விசிறி நொண்டினால்கூட அவர் தலை திரும்பிவிடும். அப்படி ஒரு காது.

என் கூச்சலை முழுக்கக் கேட்டுவிட்டு, ஒரு கார்டைத் தொட்டுக் காட்டினார். என் எழுத்தைப் படத்தோடு சேர்ப்பது அதுதானாம். கார்டுக்குள் எல்லா வித்தையும் பிறக்கும்போதே இருக்குமாம். லோகோ போடத் தெரியும், சத்தத்தைத் தள்ளிப்போடத் தெரியும், எழுத்தைச் சேர்க்கத் தெரியும். ஆனால் எல்லாவற்றையும் பூட்டித்தான் விற்பார்கள். எது வேண்டுமோ அதற்குத் தனியாக லைசென்ஸ் வாங்கினால், செய்த கம்பெனி எழுத்தும் எண்ணுமாக நீளமாய் ஒரு கீ அனுப்பும். அதைத் தட்டினால் அந்த ஒரு வித்தை மட்டும் திறக்கும். ஒரு கார்டின் சீரியல் நம்பருக்கு வந்த கீ இன்னொரு கார்டுக்குச் செல்லாது. வீடு நம்முது, சாமான் நம்முது, சாவி மட்டும் விற்றவன் இடுப்பிலா என்று கேட்டேன். சிரித்தார். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணா ஆனார்.

அந்தப் பூட்டைத் திறக்க அவர் பட்ட பாட்டைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். காரணம் அண்ணி.

அண்ணி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். அண்ணாவின் அப்பா அங்கே படுத்திருந்தபோது, தினமும் போன் போட்டு வார்டுக்கு இணைப்புக் கேட்டுக் கேட்டே பழக்கமாகிவிட்டது. முதல்ல குரலைத்தாம்மா கட்டிக்கிட்டேன், ஆளை அப்புறம்தான் பார்த்தேன் என்பார். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு அண்ணிக்கு ஒரு காய்ச்சல். போகும்போது ஒரு காதைக் கொண்டுபோனது. மற்றதும் சீக்கிரமே அதன் பின்னால் போய்விட்டது. பேச்சு போகவில்லை. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். ஆனால் ஆஸ்பத்திரி வேலை போனது, அக்கம்பக்கத்துப் பேச்சு போனது. பிள்ளைகள் டிவி பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கும், என்னடா என்று கேட்டால் அப்புறம் சொல்றேம்மா என்று சொல்லும். அந்த அப்புறம் வந்ததே இல்லை. பிள்ளைகள் வளர்ந்து வேலை, கல்யாணம் என்று வெளியூர் போய்விட்டார்கள். வீட்டில் இரண்டே பேர். பேச விஷயமும் இல்லை.

"அப்பல்லாம் அவ சண்டைகூடப் போட்டதில்லம்மா," என்றார் ஒருநாள். "சாப்பிட்டீங்களான்னு கேப்பா. அதோட சரி. அன்னிக்கு ராத்திரி வரைக்கும் வேற பேச்சு கெடையாது."

அதற்காகத்தான் அந்த லைசென்ஸை வாங்கச் சொல்லி மேனேஜரிடம் நடையாய் நடந்தார். மேனேஜரிடம் எதையாவது வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. கடைசியில் தலைமை எஞ்சினியர் நாற்காலி காலியானது. முறைப்படி அது அண்ணாவுக்குத்தான். மேனேஜருக்கோ தனக்குத் தெரிந்த ஆளைக் கொண்டுவர ஆசை. அண்ணாவே போய், எனக்கு நாற்காலி வேண்டாம், அந்தச் சப்டைட்டில் லைசென்ஸை மட்டும் வாங்கிப் போடுங்கள் என்று சொல்லிவிட்டார். மேனேஜர் ஆளை மேலே உட்காரவைத்தார், லைசென்ஸ் வந்தது, சப்டைட்டில் தட்ட என்னையும் எடுத்தார்கள். என் சோறே அந்த மனிதர் விட்டுக்கொடுத்த நாற்காலியிலிருந்து வந்தது என்று தெரிந்த அன்றைக்கு எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

லைசென்ஸ் வந்த பிறகு சில வருஷங்கள் அவர் வேறு ஆள். காலையில் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டே, நேத்து என்னை நல்லா திட்டிட்டாம்மா என்று பெருமையாகச் சொல்வார். பஸ் கட்டணம் ஏறிய செய்தியைப் பார்த்துவிட்டு அண்ணி ஒரு கட்சி, இவர் ஒரு கட்சி. சாப்பாட்டுத் தட்டு காயும்வரை வாக்குவாதமாம். என் பிழைகளையும் அண்ணி விடமாட்டார். மந்திரி கைதட்டினார் என்பதை நான் அவசரத்தில் மந்திரி கைதானார் என்று தட்டிவிட்டேன். மறுநாள் அண்ணா வழியாகச் சேதி வந்தது: டைப்பிங் பொண்ணு வாக்கு பலிக்கட்டும். அண்ணியை நான் இரண்டு முறைதான் நேரில் பார்த்திருந்தேன். ஆனாலும் தட்டும்போதெல்லாம் அவருக்கென்றே தட்டுகிற மாதிரி ஆகிவிட்டது. யாரோ ஆயிரம் பேருக்கு எழுதுவதைவிட ஒருத்திக்கு எழுதுவது சுலபம்.

நல்ல காலத்துக்கு ஆயுசு குறைவு. அந்தக் கார்டு சூடாகத் தொடங்கியது. படம் அவ்வப்போது கிழிந்தது. கார்டைச் செய்த கம்பெனியை வேறு ஒரு பெரிய கம்பெனி விழுங்கியிருந்தது. அவர்களிடமிருந்து ஓர் அறிவிப்பு வந்தது: இந்த வருஷ முடிவுக்குப் பிறகு இந்த மாடலுக்குப் புது லைசென்ஸ் கிடையாது, பழைய லைசென்ஸை மாற்றித் தரவும் மாட்டோம். தலைமை எஞ்சினியர் அதைப் படித்துவிட்டு, ஸ்பேர் கார்டைப் போட்டுப் படத்தைக் காப்பாற்றுங்கள், சப்டைட்டில் போனால் போகட்டும் என்றார். அண்ணா மட்டும் கெடுவுக்குள் லைசென்ஸையும் ஸ்பேருக்கு மாற்றிவிடுகிறேன் என்று நின்றார்.

மாற்றுவதற்கு ஒரு முறை உண்டு. பழைய கார்டில் லைசென்ஸை நாமே கழற்ற வேண்டும். கழற்றினால் அந்தக் கார்டு, கீ மாதிரியே எழுத்தும் எண்ணுமாக ஒரு விடுப்புக் கோடு கொடுக்கும். அதோடு அந்தக் கார்டில் அந்த வித்தை செத்தது, பழைய கீயைத் திரும்பத் தட்டினாலும் ஏற்காது. அந்தக் கோடையும் புதுக் கார்டின் சீரியல் நம்பரையும் அனுப்பினால், கம்பெனி புதுக் கார்டுக்குக் கீ போட்டுத் தரும். ஒரே ஒரு முறைதான் தரும். நடுவில் கொஞ்ச நேரம் லைசென்ஸ் அங்கேயும் இருக்காது, இங்கேயும் இருக்காது.  அதனால் அந்த விடுப்புக் கோடை ஒவ்வோர் எழுத்தாக என்னைப் படிக்கச் சொல்லி, அவர் சரிபார்த்து, பிறகு அவர் படித்து நான் சரிபார்த்து, அதற்குப் பிறகுதான் அனுப்பினார். இவ்வளவு ஜாக்கிரதை எதற்கு என்று கேலிகூடச் செய்தேன்.

கோடில் ஒரு பிழையும் இல்லை. பிழை அவர் அனுப்பிய சீரியல் நம்பரில் இருந்தது.

கார்டின் நம்பர் கார்டுக்குள்ளேதான் இருக்கிறது. பெட்டியில் செருகி மின்சாரம் கொடுத்தால் திரையில் காட்டும். வெளியே ஒட்டியிருப்பது பின்பக்கம் மாட்டுகிற அதன் ஜோடித் தகட்டில் மட்டும். ஸ்பேரைச் செருகிப் பார்க்கக் காலி இடம் இல்லை, எல்லா இடத்திலும் ஓடிக்கொண்டிருக்கிற சேனல். ஒன்றை உருவினால் அந்தச் சேனல் கொஞ்ச நேரம் இருண்டுபோகும். தன் சர்வீஸில் ஒரு தடவைகூடப் படத்தை இருள விடாத மனிதர் அவர். அதனால் நம்பர் பார்க்கவென்று உருவவில்லை. ஸ்பேர் டப்பாவில் இருந்த தகட்டைப் பார்த்து நம்பரை எழுதிக்கொண்டார்.

அந்தத் தகடு ஸ்பேரின் தகடே இல்லை. எப்போதோ வேறு ஓர் இடத்தில் தகட்டின் சாக்கெட் உடைந்துபோக, இவரே ஸ்பேரின் தகட்டை எடுத்து அங்கே மாட்டியிருக்கிறார். அதற்குப் பதிலாக, மின்சாரம் ஏறிக் கருகிப்போன ஒரு பழைய கார்டின் தகட்டை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். நல்ல தகட்டை எதற்கு வீணாக்குவது என்ற எண்ணம். கருகிய கார்டு பழைய இரும்போடு போய் எத்தனையோ காலமாயிற்று. கம்பெனியின் கணக்கில் அது உயிரோடுதான் இருக்கிறது. அதன் பெயருக்குக் கீ போட்டு அனுப்பிவிட்டார்கள்.

கீ வந்ததும், தவிர்க்க முடியாத அந்த ஒரு தடவை மட்டும் பழைய கார்டை உருவி, ஸ்பேரைச் செருகிக் கீயைத் தட்டினார். பொருந்தவில்லை என்றது. எழுத்தைச் சரிபார்த்துத் திரும்பத் தட்டினார். அதற்கும் அதே பதில். பிறகு திரை காட்டிய நம்பரையும் தகட்டு நம்பரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அவர் முகம் வெளுத்துப்போனது தெரிந்தது. நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சறுக்கினவருக்கு அதனால் என்ன ஆறுதல்?

கம்பெனிக்கு எழுதினார், போன் போட்டார், தெரிந்த ஆங்கிலத்தில் கெஞ்சினார். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒரு கோடுக்கு ஒரு கீதான் என்று மரியாதையாகச் சொன்னார்கள். வருஷம் முடிந்ததும் பதில் எழுதுவதையும் மரியாதையாக நிறுத்திக்கொண்டார்கள். புது மாடல் கார்டு வாங்கலாமா என்று மேனேஜரிடம் போய் நின்றார். நானும் கூடப் போனேன். மேனேஜர் தலையை நிமிர்த்தாமல், "யாருய்யா அதைப் படிக்கறாங்க? உம் பொண்டாட்டிய விட்டா?" என்று கேட்டார். என் கை பரபரத்தது. அண்ணா வெளியே வந்து ஸ்வெட்டர் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். என்னை விளம்பரப் பிரிவில் நேரப்பட்டியல் தட்டப் போட்டார்கள். அவர் ரேக் ரூமிலேயே இருந்தார். வீட்டில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

கொஞ்ச நாளில் அவர் காய்ச்சலில் படுத்தார். லீவு நீண்டுகொண்டே போனது. மனசு கேட்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி, ஒற்றைப் படுக்கையறை வீடு. கதவைத் திறந்த அண்ணா என்னைப் பார்த்ததும் வா என்றுகூடச் சொல்லவில்லை. பேயைக் கண்டவர் மாதிரி நின்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அதற்குள் அண்ணி என்னைப் பார்த்துவிட்டார்.

டிவி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் நிலையத்துச் செய்திதான். அண்ணி அதற்கு மிக அருகில் ஸ்டூலைப் போட்டு, மடியில் பீன்ஸ் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். செய்தி வாசிப்பவரின் உதட்டைப் படித்துப் பார்க்கிறார் என்று புரிந்தது. முகம் தெரிகிறவரை சரி. உடனே வெள்ளத்தையும் கூட்டத்தையும் காட்டிவிடுவார்கள், குரல் மட்டும் எங்கிருந்தோ வரும். அண்ணியின் கை பீன்ஸில் அப்படியே நிற்கும். முகம் வந்ததும் மறுபடி எட்டிப் பார்ப்பார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, முகத்தை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, காதோடு ஏற்ற இறக்கமும் போய்விட்ட குரலில் கேட்டார்.

"வேலைய விட்டுட்டியாமே. வேற எடத்துல நல்ல சம்பளத்துக்குச் சேந்துட்டேன்னு சொன்னார். சந்தோசம்தான். ஆனா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல? அடில ஒரு வரி போட்டிருக்கலாம். நாளையிலேர்ந்து நான் வரமாட்டேன்னு."

 அண்ணா அண்ணிக்குப் பின்னால், சமையலறைக் கதவை ஒட்டி நின்றிருந்தார். அங்கிருந்தே பேசினார். சத்தத்தைக்கூடக் குறைத்துக்கொள்ளவில்லை. குறைக்க வேண்டிய அவசியம்தான் என்ன?

"ஆமான்னு சொல்லிடும்மா. தயவுசெஞ்சு. என்னாலதான் போச்சுன்னு அவளுக்குத் தெரிய வேணாம்."

எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு பெண்ணை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு, அவள் தலைக்கு மேலே பேசுகிற பேச்சா இது? அதே நேரத்தில் அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. காய்ச்சலில் கன்னம் ஒட்டிப்போய், வேட்டி இடுப்பில் நிற்காமல், ஆதரவுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் என் கண் அவர் பக்கம் போய்விட்டது.

அண்ணி அதைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பினார்.

"பின்னாடி நின்னு பேசினீங்களா?"

அண்ணா கதவிலிருந்து கையை எடுத்தார். அண்ணியே தொடர்ந்தார்.

"புள்ளைங்க பேசுவாங்க. உங்க அக்கா பேசுவாங்க. வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் பேசுவாங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சுக்கறாங்க. நீங்க ஒருத்தர்தான் எது சொன்னாலும் முன்னாடி வந்து நிப்பீங்க."

அண்ணி திட்டவில்லை, அழவில்லை. திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். டிவியை அணைத்துவிட்டு அவரையே பார்த்தபடி உட்கார்ந்தார். அண்ணா வந்தார். ஜன்னல் வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற மாதிரி பார்த்து, எதிரே தரையில் உட்கார்ந்து, சொல்ல ஆரம்பித்தார்.

பாதி வார்த்தைகள் அண்ணிக்குப் பிடிபடவில்லை. லைசென்ஸ், சீரியல் நம்பர், தகடு இதெல்லாம் அந்த உதட்டில் அவர் பார்த்துப் பழகாத சொற்கள். தகடு என்றால் தகராறா என்று கேட்டார். யாரோடு தகராறு என்றார். அண்ணா முதலிலிருந்து சொன்னார். யார் மாற்றி வைத்தது என்று கேட்டார் அண்ணி. நான்தான் என்றார். புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்றார். நான்தான், நானேதான் மாற்றி வைத்தேன், மறந்துபோனேன் என்று அவர் மறுபடி சொன்னார். நான் பையிலிருந்து பேனாவையும் தாளையும் எடுத்து அண்ணா பக்கம் நீட்டினேன். அவர் கை நீண்டது. அண்ணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுத வேணாம். சொல்லுங்க."

அவர் சொன்னார். ஒரு தப்பை ஒரு தடவை ஒப்புக்கொள்வதே பெரிய பாடு. அவர் அதை ஒவ்வொரு சொல்லாக, உதட்டைப் பெரிதாகத் திறந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்தி, எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று தெரியாது. கண்ணீர் வாய்க்குள் இறங்கி உதடு கோணிப்போகும்போதெல்லாம் அண்ணி தெரியவில்லை என்று தலையாட்டுவார். அவர் துடைத்துக்கொண்டு மறுபடி தொடங்குவார். எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. கால் வரவில்லை.

கடைசியில் அண்ணிக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். அவர் கையை விட்டார். அணைந்து கிடந்த டிவியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து கேட்டார்.

"அப்ப இனிமே எழுத்து வராதா?"

"வராது," என்றார்.

அந்த ஒரு சொல் மட்டும் அண்ணிக்கு முதல் தடவையிலேயே புரிந்துவிட்டது.